முதல் சர்டிஃபிகேட் எது? வளையலை அடகு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

இந்த எபிசோட் முழுக்க ஒரு மெயிலுக்கான பதில்தான். எழுதினவங்க மந்தைவெளியில இருக்காங்க, பேர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க. பி.எஸ்சி. கணக்கு முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. கஸ்டமர் கேர்ல வேலை, கையில வர்றது 16,000 ரூபாய். ஐ.டி. பக்கம் போகணும்னு ஆசை. தி.நகர்ல ஒரு இன்ஸ்டிட்யூட்ல விசாரிச்சிருக்காங்க. 'கிளவுட், டெவ்ஆப்ஸ், ஏ.ஐ. மூணும் சேர்ந்த பேக்கேஜ், ஆறு மாசம், 65,000 ரூபாய், முடிக்கும்போது ஆறு சர்டிஃபிகேட் கையில இருக்கும், ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சேர்ந்தா 10,000 தள்ளுபடி'ன்னு சொல்லியிருக்காங்க. இவங்க அம்மா, 'என் வளையல் ரெண்டையும் வச்சுடலாம், நீ சேரு'ன்னு சொல்லிட்டாங்க. மெயிலோட கடைசி வரி: 'அண்ணா, சேரலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க.'

அதை மட்டும் சொல்லணும்னா: இந்த ஞாயிற்றுக்கிழமை சேர வேண்டாம். வளையல் அம்மா கையிலயே இருக்கட்டும். ஆனா ஏன்னு தெரியாம வேண்டாம்னு சொன்னா, அடுத்த மாசம் இன்னொருத்தர் இன்னொரு தள்ளுபடியோட வருவார். அதனால கொஞ்சம் விரிவா பேசுவோம்.

நம்ம ஊருக்கு சர்டிஃபிகேட் புதுசு இல்ல. மயிலாப்பூர், தி.நகர் பக்கம் வளர்ந்தவங்க வீட்ல கேட்டுப் பாருங்க. அம்மா, சித்தி, மாமா யாராவது ஒருத்தர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போயிருப்பாங்க. மாடிப்படி ஏறினா ஒரு ஹால், வரிசையா மெஷின், டக்கடக்கன்னு சத்தம். லோயர், ஹையர்னு ரெண்டு பரீட்சை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற அரசுத் தேர்வு, இப்பவும் நடக்குது. இங்கிலீஷ் லோயர்னா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர்னா 45. அரசு வேலையில டைப்பிஸ்ட்டா போகணும்னா இன்னிக்கும் அது வேணும், கூடவே அதே இயக்ககம் நடத்துற கம்ப்யூட்டர் ஆஃபீஸ் ஆட்டோமேஷன் சர்டிஃபிகேட்டும் வேணும்.

அந்தப் பரீட்சையில என்ன கேட்பாங்கன்னு கவனிங்க. 'டைப்ரைட்டரை யார் கண்டுபிடிச்சாங்க? அ) ஆ) இ) ஈ)'ன்னு கேட்க மாட்டாங்க. மெஷின் முன்னாடி உட்கார வச்சு, ஒரு பேப்பரைக் கொடுத்து, 'அடி'ம்பாங்க. வேகம் இருக்கா, தப்பு எத்தனை. அவ்வளவுதான். ஹையர் பாஸ்னு ஒருத்தர் சொன்னா அவர் கைக்கு அந்த வேலை தெரியும்னு ஆஃபீஸ்ல யாரும் சந்தேகப்பட வேண்டியதில்ல. அந்தத் தாளுக்கு மதிப்பு வந்தது அதனாலதான். இன்ஸ்டிட்யூட் போர்டு பெருசா இருந்ததால இல்ல.

அப்புறம் 90கள் வந்துச்சு. என்.ஐ.ஐ.டி. 1981லயே தொடங்கினது, ஆப்டெக் 1986ல. ரெண்டும் நம்ம ஊருக்கும் வந்துச்சு. சென்னையிலேயே பிறந்தது எஸ்.எஸ்.ஐ. இன்னிக்கு ஏ.ஜி.எஸ்.னா உங்களுக்கு சினிமா தியேட்டர்தான் ஞாபகம் வரும். அதை நடத்துற கல்பாத்தி சகோதரர்கள்தான் அன்னிக்கு எஸ்.எஸ்.ஐ. நடத்தினவங்க. சி, சி++, ஜாவான்னு கோர்ஸ் பேரைச் சொல்லிக்கிட்டு ஊரே ஓடின காலம் அது. ஒய்2கே பயத்துல கோபால் தெரிஞ்சவங்களுக்குக் கிராக்கி. 2000 ஜூலையில தரமணியில டைடல் பார்க் திறந்தாங்க. 'கம்ப்யூட்டர் படிச்சா வேலை'ங்கறது வீட்டுப் பேச்சாவே ஆயிடுச்சு.

அதே சமயத்துல உலகம் முழுக்க மைக்ரோசாஃப்ட்டோட எம்.சி.எஸ்.இ. சர்டிஃபிகேட்டுக்கு ஒரு அலை வந்துச்சு. அது கூடவே ஒரு கேலிப் பேரும் வந்துச்சு: 'பேப்பர் எம்.சி.எஸ்.இ.' தாள்ல பாஸ், சர்வர் முன்னாடி உட்கார்ந்தா கை நடுங்கும். காரணம் டம்ப்ஸ். பழைய பரீட்சைக் கேள்விகளை யாரோ திருட்டுத்தனமா எடுத்து வச்சிருப்பாங்க, அதை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் டிக் அடிக்கறது. இன்னிக்கும் டெலிகிராம் குரூப்ல அது ஓடிக்கிட்டுதான் இருக்கு. கம்பெனி கண்டுபிடிச்சா சர்டிஃபிகேட்டை ரத்து பண்ணுவாங்க, அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம், இன்டர்வியூ எடுக்கறவங்க எல்லாருக்கும் இது தெரியும். அதனால சர்டிஃபிகேட்டைப் பார்த்த உடனே அவங்க கேட்கற முதல் கேள்வியே அது நிஜமான்னு பார்க்கற கேள்வியாதான் இருக்கும்.

ஒரு உதாரணம். நெட்வொர்க் வேலைக்குப் போறீங்க. எதிர்ல இருக்கறவர் கேட்கறார்: 'ஒரு யூசர் கூப்பிட்டு நெட் வரலைங்கறார். பார்த்தா அவர் மெஷின்ல ஐ.பி. அட்ரஸ் 169.254னு ஆரம்பிக்குது. என்ன நடந்திருக்கும்?' மெஷினுக்கு டி.ஹெச்.சி.பி. சர்வர்ல இருந்து அட்ரஸ் வந்திருக்கணும், வரலை, அதனால அது தனக்குத்தானே ஒரு அட்ரஸ் வச்சுக்கிச்சு. இதை ஒரு தடவை வீட்ல ரவுட்டரோட மல்லுக்கட்டி, வயரைப் பிடுங்கிப் பார்த்தவங்க சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவாங்க. டம்ப்ஸ்ல படிச்சவங்களுக்கும் இந்த வரி தெரிஞ்சிருக்கலாம். ஆனா அடுத்த கேள்வி வரும்: 'சரி, முதல்ல எதைப் பார்ப்பீங்க? பக்கத்து சீட்காரருக்கு வருதான்னு கேட்பீங்களா, கேபிளைப் பார்ப்பீங்களா?' அங்க மாட்டிக்குவாங்க.

இப்ப மெயிலுக்கு வர்றேன். 'ஆறு சர்டிஃபிகேட்'னு சொன்னாங்க இல்லையா, அந்த ஆறு என்னன்னு முதல்ல கேட்கணும். நம்ம ஊர்ல சர்டிஃபிகேட்ங்கற ஒரே வார்த்தையில மூணு விஷயம் ஓடுது. ஒண்ணு, கோர்ஸுக்கு வந்தார் முடிச்சார்னு இன்ஸ்டிட்யூட்டே அடிச்சுக் கொடுக்கற தாள். ரெண்டாவது, ஆன்லைன்ல வீடியோ பார்த்து முடிச்சா தானா வர்ற பி.டி.எஃப். மூணாவது, சிஸ்கோ, ரெட் ஹாட், அமேசான் மாதிரி கம்பெனி நடத்துற தேர்வு. இந்த மூணாவதுக்கு பெரும்பாலும் பியர்சன் வியூ மாதிரி ஒரு தேர்வு மையத்துக்குப் போகணும், இல்லன்னா கேமரா முன்னாடி வீட்ல எழுதணும். அதுக்குத் தனியா கட்டணம். பேக்கேஜ் 65,000க்குள்ள அந்தக் கட்டணம் அடக்கமான்னு கேளுங்க. தேர்வோட பேரும் நம்பரும் என்னன்னு கேளுங்க. சி.சி.என்.ஏ.ன்னா 200-301னு ஒரு நம்பர் இருக்கு. நம்பரைச் சொல்லாம 'இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட் மேடம்'னு மட்டும் சொன்னாங்கன்னா, அது முதல் வகைத் தாள்.

அப்போ எந்தத் தேர்வுன்னு கேட்பீங்க. 'எது பெஸ்ட்'னு ஆரம்பிக்கறதையே நான் ஒத்துக்க மாட்டேன். எந்த வேலைன்னு ஆரம்பிக்கணும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சென்னை வேலை விளம்பரங்கள்ல, அனுபவம் பூஜ்யத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் கேட்கறதை மட்டும் இருபது எடுத்து, அதுல திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைகளை நோட்டுல எழுதுங்க. லினக்ஸ், நெட்வொர்க்கிங், எஸ்.க்யூ.எல்., பைத்தான், டெஸ்டிங். அந்த நோட்டு எந்த கவுன்சலரை விடவும் நேர்மையானது.

எனக்குத் தெரிஞ்ச நாலு வழியைச் சொல்றேன், ஆனா எல்லாத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கப் போறதில்ல.

கிளவுட்ல எல்லாரும் முதல்ல சொல்றது ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் பிராக்டிஷனர். 100 டாலர், 65 கேள்வி, 90 நிமிஷம். மைக்ரோசாஃப்ட் பக்கம் ஏ.இசட்.-900. ரெண்டுமே வார்த்தைகளை அறிமுகப்படுத்தற தேர்வு. எது என்ன சேவை, பில் எப்படி வரும், பாதுகாப்புல யார் பொறுப்பு எது. தப்பில்ல, ஆனா வேலை செய்யத் தெரியும்னு அது சொல்லாது. ஏற்கனவே கம்பெனியில இருக்கற சேல்ஸ்காரர், மேனேஜர் எழுதறதுக்கு சரி. வெளியில இருந்து உள்ள வரப் பார்க்கறவங்களுக்கு இது மட்டும் கதவைத் திறக்காது. கையில செஞ்சு பழக அக்கவுண்ட் திறந்தீங்கன்னா, முதல் வேலையா பட்ஜெட் அலர்ட் வைங்க. ஒரு மெஷினை ஓட விட்டுட்டு மறந்துட்டா மாசக் கடைசியில பில் வரும், அது டாலர்ல வரும்.

டெஸ்டிங்னா ஐ.எஸ்.டி.க்யூ.பி. ஃபவுண்டேஷன். 40 கேள்வி, 60 நிமிஷம், 26 சரியா இருந்தா பாஸ். சில கம்பெனிகள்ல கேட்கறாங்க. படிக்க ரொம்ப நாள் ஆகாது. ஆனா கூடவே ஆட்டோமேஷனும் கொஞ்சம் கோடிங்கும் தெரியலைன்னா இப்ப கஷ்டம்.

நெட்வொர்க் பக்கம் சி.சி.என்.ஏ. இதைப் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா மெயில் எழுதினவங்க கணக்கு படிச்சவங்க. 1998ல இருந்து இருக்கற தேர்வு. நடுவுல செக்யூரிட்டி, வயர்லெஸ்னு பல பிரிவா இருந்ததை 2020 பிப்ரவரியில ஒண்ணாக்கினாங்க. 120 நிமிஷம். பாடத்திட்டம் சிஸ்கோ சைட்ல யாருக்கும் திறந்தே இருக்கு, ஐ.பி. கனெக்டிவிட்டிக்கு மட்டும் 25 சதவீதம். அதுல சப்நெட்டிங்னு ஒண்ணு வரும், நிறைய பேர் பயப்படற இடம். அது வெறும் ரெண்டின் அடுக்குதான். நீங்க ஸ்கூல்ல வாய்ப்பாடு ஒப்பிச்ச மாதிரி 2, 4, 8, 16ன்னு 256 வரைக்கும் தலைகீழா சொல்ல முடிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. தினமும் பேப்பர்ல பத்து கணக்கு போடுங்க, ரெண்டு வாரத்துல பயம் போயிடும். ரவுட்டர், சுவிட்ச் வாங்க வேண்டாம். பாக்கெட் டிரேசர்னு சிஸ்கோவே ஒரு சாஃப்ட்வேர் இலவசமா கொடுக்குது, சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில ஒரு அக்கவுண்ட் போதும். திரையில பத்து சுவிட்ச் வச்சு, வயர் இழுத்து, வேணும்னே கெடுத்து, நீங்களே சரி பண்ணிப் பாருங்க.

கட்டணம் 300 டாலர். இன்னிய மதிப்புல 25,000 ரூபாய்க்கு மேல, வரி சேர்ந்தா இன்னும் அதிகம். ஃபெயில் ஆனா திரும்பவும் முழுசா கட்டணும். மூணு வருஷம்தான் செல்லும். அதனால இது ஆரம்பத்துல கட்டற பணம் இல்ல. எல்லாம் படிச்சு முடிச்சு, கை பழகி, கடைசி மாசத்துல கட்டற பணம்.

நாலாவது என் சொந்த விருப்பம், ஒளிக்காம சொல்லிடறேன்: ரெட் ஹாட்டோட ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ., தேர்வு நம்பர் இ.எக்ஸ். 200. நான் முன்னாடி சொன்ன லோயர், ஹையர் ஞாபகம் இருக்கா? ஐ.டி. உலகத்துல அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறது இதுதான். அ, ஆ, இ, ஈ கிடையாது. ஒரு லினக்ஸ் மெஷினைக் கொடுத்து, இன்டர்நெட் இல்லாம, மூணு மணி நேரத்துல இந்த வேலையெல்லாம் செய்ம்பாங்க. யூசர் உருவாக்கு, டிஸ்க்கைப் பிரி, சர்வீஸை ஓட விடு. 300க்கு 210 எடுக்கணும். இன்னொரு அழகு என்னன்னா, நீங்க செஞ்சதெல்லாம் மெஷினை ரீபூட் பண்ண பிறகும் நிக்கணும். அப்போதைக்கு ஓடினா மார்க் இல்ல. நிஜ ஆஃபீஸ்லயும் அப்படித்தானே? ராத்திரி கரண்ட் போய் சர்வர் திரும்ப எழுந்திருக்கும்போது எல்லாம் இருந்த இடத்துல இருக்கணும்.

இதைப் பழகறதுக்கும் பெரிய செலவில்ல. ரெட் ஹாட் தனிநபர்களுக்கு டெவலப்பர் சந்தா இலவசமா கொடுக்குது. ராக்கி லினக்ஸ், ஆல்மா லினக்ஸ் ரெண்டும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், இலவசம். விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு பழைய லேப்டாப்ல ஓட விடலாம். 8 ஜி.பி. ரேம் இருந்தா நிம்மதி.

சர்டிஃபிகேட் வேணுமான்னே சில பேர் கேட்பாங்க. 'கிட்ஹப்ல ப்ராஜெக்ட் போடு, திறமை இருந்தா போதும்'னு. கேட்க நல்லாதான் இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவங்க, நடுவுல ரெண்டு மூணு வருஷம் இடைவெளி விழுந்தவங்க, கல்யாணம் குழந்தைன்னு நின்னு திரும்ப வர்றவங்க, இவங்க ரெஸ்யூமை யாராவது திறந்து பார்க்கவே ஒரு காரணம் வேணும். அதுக்கு ஒரு நல்ல தேர்வு உதவும். ஆறு வேண்டாம், ஒண்ணு போதும்.

இன்னொரு விஷயத்தை எந்த கவுன்சலரும் சொல்ல மாட்டாங்க. பெரிய சர்வீஸ் கம்பெனிகளுக்கு, அமேசான் மைக்ரோசாஃப்ட்டோட பார்ட்னரா மேல் படியில இருக்கணும்னா இத்தனை ஊழியர்கள் சர்டிஃபிகேட் வச்சிருக்கணும்னு நிபந்தனை உண்டு. அதனால உள்ள போன பிறகு, 'எழுதுங்க, ஃபீஸ் நாங்க கொடுக்கறோம்'னு நிறைய கம்பெனிகள்ல அவங்களே சொல்லுவாங்க. விலை அதிகமான கிளவுட் தேர்வையெல்லாம் அம்மா வளையல்ல எழுத வேண்டியதில்ல, கம்பெனி காசுல எழுதலாம்.

சரி, நாளைக்குக் காலையில என்ன செய்யறது? மந்தைவெளியில இருந்து அடையாறு பக்கம்தான். அங்க ஐ.ஐ.டி. வளாகத்துல இருந்து நடக்கற என்.பி.டெல். பத்தித் தெரியும்னு நினைக்கறேன். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003ல ஆரம்பிச்சது. 2014ல இருந்து தேர்வு வச்சு சர்டிஃபிகேட்டும் தர்றாங்க. பாடம் இலவசம். தேர்வு வேணும்னா மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். நேர்ல போய் மையத்துல எழுதணும், அதனால அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. வாராவாரம் அசைன்மெண்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. ஜனவரியிலயும் ஜூலையிலயும் தொடங்கும். நம்ம ஊர் சென்னை கணிதவியல் கழகத்தோட மாதவன் முகுந்த் நடத்துற பைத்தான், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் எட்டு வாரம். கணக்கு படிச்சவங்களுக்கு அவர் பேசறது பிடிக்கும்.

என் யோசனை இது: முதல் எட்டு வாரம் ஒரு என்.பி.டெல். பாடம், கூடவே வீட்டு லேப்டாப்ல லினக்ஸ். செலவு அதிகபட்சம் 1,000. அந்த எட்டு வாரம் முடியறப்போ ஒரு விஷயம் உங்களுக்கே தெரிஞ்சுடும்: ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்தும் கருப்பு ஸ்க்ரீன் முன்னாடி உட்காரத் தோணுதா, இல்ல லேப்டாப்பைத் திறக்கவே கசக்குதா. கசந்தா 64,000 மிச்சம். ஐ.டி.யிலேயே வேற மூலை இருக்கு, வெளியிலயும் உலகம் இருக்கு. பிடிச்சுதுன்னா அடுத்த நாலு மாசம் சி.சி.என்.ஏ.வோ ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ.வோ, ஒண்ணை மட்டும் பிடிங்க. மாசம் 4,000 தனியா எடுத்து வைக்க முடிஞ்சா, இந்த ஆறு மாசத்துல தேர்வுக் கட்டணத்தோட பெரும்பகுதி சேர்ந்துடும்.

வீட்ல ஒரே ரூம், டி.வி. ஓடுது, படிக்க இடமில்லன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போங்க. 2010ல இருந்து இருக்கு. சொந்தப் புத்தகம் எடுத்துட்டுப் போய் படிக்கவே தனிப் பகுதி உண்டு. வார லீவு நாள்ல சீக்கிரம் போங்க, இடம் பிடிக்கற போட்டி பயங்கரம்.

இன்ஸ்டிட்யூட்டே வேண்டாம்னு நான் சொல்லலை. தனியா உட்கார்ந்து படிக்க எல்லாராலயும் முடியாது. சந்தேகம் கேட்க ஒருத்தர், கூடப் படிக்க நாலு பேர், அதுக்குப் பணம் கொடுக்கறது நியாயம்தான். ஆனா சேரறதுக்கு முன்னாடி, நடந்துக்கிட்டு இருக்கற ஒரு வகுப்புல ஒரு மணி நேரம் உட்காரணும்னு கேளுங்க. வெளியில டீக்கடையில நிக்கற ஸ்டூடன்ட்ஸ்கிட்ட பேசுங்க, உண்மை அங்கதான் வரும். மாசாமாசம் கட்டலாமான்னு கேளுங்க. '100 சதவீதம் பிளேஸ்மெண்ட்'னு போர்டுல இருந்தா, ரசீதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் 'பிளேஸ்மெண்ட் அசிஸ்டன்ஸ்'னு இருக்கும். அதாவது இன்டர்வியூ இருக்குன்னு உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்புவாங்க. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்கன்னு அவசரப்படுத்தற இடத்துல, அந்த அவசரம் அவங்களோடது.

கடைசியா ஒரு சின்ன விஷயம், நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் வர்ற தலைவலி. தேர்வுக்குப் பதிவு பண்ணும்போது ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம் வரும். நமக்கு இனிஷியல்தான். மார்க் ஷீட்ல இனிஷியல் பின்னாடி, ஆதார்ல முன்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா. நீங்க மையத்துக்கு எந்த அடையாள அட்டையை எடுத்துட்டுப் போகப் போறீங்களோ, அதுல இருக்கற மாதிரியே பதிவுல பேர் இருக்கணும். பொருந்தலைன்னா உள்ள விடாம திருப்பி அனுப்பலாம், கட்டின பணமும் போகலாம். அதனால எந்த அட்டைன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு, அக்கவுண்ட் திறக்கற அன்னிக்கே அந்தப் பேரைப் போடுங்க. எந்த அட்டையெல்லாம் செல்லும்னு தேர்வு நடத்தறவங்க சைட்லயே பட்டியல் இருக்கும், அதையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

மெயில் எழுதினவங்க, எட்டு வாரம் கழிச்சு திரும்ப எழுதுங்க. லினக்ஸ்ல எங்க மாட்டினீங்கன்னு சொன்னா அதை வச்சே ஒரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.